எஸ்டிமேட்

நத்தை மாதிரி இருக்கிறதே என்றார் ரொசாரியோ
மேசைமேல் கிடந்த டர்போவைத் தட்டிப் பார்த்து.
நத்தைதான்.
நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று சுற்றும்.

கொண்டலாம்பட்டி பைபாஸில் எங்கள் ஷெட்.
வெளியே லாரி விட்டுப்போன புகையைக் காட்டிச் சொன்னேன்:
போகிற மூச்சு ஒரு சக்கரத்தை உதைக்கும்,
அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம்
வருகிற மூச்சை அள்ளித் திணிக்கும்.
அவ்வளவுதான் சங்கதி.

அவ்வளவுதானா, அப்ப
சனிக்கிழமை கிடைத்துவிடுமா என்றார்.

எழுத ஆரம்பித்தேன்.
எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, காதர் மொய்தீன் வெல்டிங்.
அந்தத் தண்டு இரும்பில் உட்காராது சார்,
எண்ணெயில் மிதக்கும்.
எண்ணெய் போக ஒரு மெல்லிய குழாய்,
திரும்ப ஒரு தடித்த குழாய்.
திரும்புவது தன் எடையில் தானே இறங்க வேண்டும்,
வழியில் விரற்கடை மேடு இருந்தாலும் தேங்கும்,
தேங்கினால் சைலன்சரில் நீலப் புகை.
நெருக்கிய காற்று சூடாகும்,
நெருக்கினால் யார்தான் ஆக மாட்டார்கள்,
ஆற்றுவதற்கு பம்பருக்குப் பின்னால் இன்டர்கூலர்.
காற்று கூடினால் பெட்ரோல் கூட வேண்டும், பெரிய இன்ஜெக்டர்.
அதற்குக் கணக்குச் சொல்ல ஒரு கம்ப்யூட்டர்.
அது என் வேலை.
கிளட்ச் வழுக்கும்.
ஒன்றைப் பலப்படுத்தினால்
அதுவரை சும்மா இருந்தது கை தூக்குகிறது.

இருபது வருட எஸ்டீம்.
இரண்டாம் பக்கம் பாதியிலேயே
வண்டி விலையைத் தாண்டிவிட்டது கூட்டல்.
ஆர்.சி. புத்தகத்தில் இதற்கெல்லாம் இடமில்லை
என்பதையும் சொன்னேன்.
எதற்கு சார் இது?

மச்சான் புது வண்டி வாங்கியிருக்கான்.
ஏற்காடு ஏறும்போது பதினாலாவது வளைவில்
ஹார்ன்கூட அடிக்காமல் தாண்டிப் போறான்.
மேலே காற்று மெலிசு, என் வண்டிக்கு இளைக்குது,
அவனுக்கு இளைக்கலை.

கடைசியாக பிரேக் என்று எழுதினேன்.
அதை மட்டும் அடிக்கச் சொன்னார்.
ஏறக் காசு கொடுக்கிறவர்கள்
இறங்கக் கொடுப்பதில்லை.
அடித்தால் வண்டியைத் தொட மாட்டேன் என்றேன்.
எண்ணிக் கொடுத்த முன்பணம்
மிளகு வாசனை அடித்தது.

சனிக்கிழமை இல்லை, ஐப்பசி ஆனது.

அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம்.
அவர் ஓட்ட, மடியில் லேப்டாப்போடு நான்.
மூன்றாவது வளைவில்
தகர டப்பாவில் மிளகைக் குலுக்குகிற சத்தம்.
மிளகு வியாபாரிக்கே கேட்கவில்லை.
நிறுத்துங்க!
இன்ஜின் தன் தலையில் தானே அடித்துக்கொள்கிறது,
இன்னும் அரை கிலோமீட்டர் போனால் பிஸ்டனில் ஓட்டை.
டைமிங்கை இரண்டு டிகிரி பின்னுக்கு இழுத்தேன்.
ஐந்தாவதில் மறுபடி. இன்னொரு டிகிரி.
ஒன்பதாவதில் சத்தம் இல்லை.

பதினாலாவது வளைவில், தேர்டு கியரில்,
மெல்லிசாக ஒரு விசில் எழுந்தது.
கைப்பிடிச் சுவரில் குரங்கு ஒன்று திரும்பிப் பார்த்தது.
முதுகு சீட்டில் ஒட்டியது.
முன்னால் யாரும் இல்லை.
பின்னால், வெகு கீழே, டவுன் பஸ்.

ஏரிக்கரையில் நிறுத்தியதும் அவர் கை சாவிக்குப் போனது.
இருங்க. இரண்டு நிமிஷம் ஐடிலில் ஓடட்டும்.
அணைத்தால் எண்ணெய் நின்றுவிடும்,
அது இன்னும் சிவக்கக் காய்ந்திருக்கு,
உள்ளே இருக்கிற எண்ணெய் கருகிக் கரியாகப் பிடிச்சுக்கும்.

படகுத்துறை பூட்டியிருந்தது.
கண்ணாடி முழுக்க மூடுபனி.
அடிவாரத்திலிருந்து பேசிக்கொண்டே வந்தவர்
சும்மா இருந்தார்.
பிறகு வைப்பரைப் பார்த்துச் சொன்னார்:
மச்சான் ஜூன்லயே ஓசூர் போயிட்டான்.
எஸ்டேட் பங்கு விஷயத்தில் வார்த்தை முத்திப்போச்சு.
தங்கச்சியும் போன் எடுக்கிறதில்லை.

அப்புறம் எதற்கு இதை முடிக்கச் சொன்னீங்க
என்று கேட்க வாயெடுத்தேன்.

திரையில் சூடு இறங்கிக்கொண்டிருந்தது.
அறுநூற்றுப் பத்து.
ஐநூற்று எழுபது.

இன்னும் ஐம்பது நொடி சார், என்றேன்.